மாற்றாத பாகம்

திங்கட்கிழமை முதல் ஷிப்டு முடிந்து வந்த கையோடு டாக்டர் எஞ்சினை மறுபடியும் பிரித்துப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே அவருடைய மேஜை. அதன் மேல் விரித்த வெள்ளைத் துண்டில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்த எஞ்சினின் உறுப்புகள் வரிசையாகக் கிடந்தன. துண்டு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது டாக்டரின் சட்டம். கடுகளவு திருகாணி விழுந்தாலும் கண்ணில் பட வேண்டுமாம். அந்தத் துண்டுகளைத் துவைக்கிறவள் அவர் மனைவி. அவளுடைய சட்டம் என்ன என்று யாரும் இதுவரை கேட்டதில்லை.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பராமரிப்பு ஃபிட்டர். ஓடுகிற இயந்திரத்தின் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஊன்றுவார். பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். “உள்ள ஒரு குண்டு தேஞ்சிருக்கு” என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் ஒரு குண்டு தேய்ந்திருக்கும். அப்படி வந்த பட்டம் அது. மற்றபடி பெரிய படிப்பு கிடையாது, நாலு பேர் நடுவே பேசத் தெரியாது, ஆளும் பார்க்கச் சுமார்தான். வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த மரியாதை முழுக்க அந்தக் காது சம்பாதித்துக் கொடுத்தது. அது போனால் தான் யாருமில்லை என்பது அவருக்கே நன்றாகத் தெரியும்.

மேஜையில் கிடந்தது தொழிற்சாலைச் சாமான் இல்லை. ரிமோட்டில் ஓடுகிற ஒரு சின்ன டிரக்கின் எஞ்சின். பேட்டரியில் ஓடும் பிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. நைட்ரோ கலந்த எரிபொருளைக் குடித்துவிட்டு, கயிற்றை இழுத்தால் உறுமிக்கொண்டு கிளம்பும் நிஜ எஞ்சின். இரண்டு டிரக்குகள், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. சிவப்பு டாக்டருடையது. நீலம் அவருடைய மைத்துனனுடையது, அதாவது மனைவியின் தம்பி. அவன் சலூன் வைத்திருந்தான். சலூனுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, டாக்டருக்கும் அன்றுதான் வார ஓய்வு. செவ்வாய் வந்தால் இருவரும் டிரக்குகளைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் பின்னால் இருக்கும் வெற்றுத் திடலுக்குப் போய்விடுவார்கள்.

இந்த எஞ்சின்களின் உயிர் ஒரு ஊசித் திருகில் இருக்கிறது. அதை முறுக்கினால் எரிபொருள் குறையும், சத்தம் கூர்மையாகும், வேகம் ஏறும். கொஞ்சம் அதிகமாக முறுக்கிவிட்டால் சூடேறி உள்ளே எல்லாம் வெந்துபோகும். தளர்த்தினால் புகை கக்கிக்கொண்டு சோம்பேறியாக ஓடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை. அதைப் பிடிக்க மற்றவர்கள் புகையைப் பார்ப்பார்கள், வெப்பமானியை எஞ்சினின் தலைக்கு நேராகக் காட்டிச் சூட்டை அளப்பார்கள். மைத்துனனும் ஒரு வெப்பமானி வாங்கினான். “எஞ்சினுக்குக் காய்ச்சல் பாக்குறியா? கசாயமும் வைச்சுக் குடு” என்று டாக்டர் திடலில் எல்லோர் முன்னாலும் சொல்ல, அவன் அதைப் பைக்குள் போட்டவன்தான், பிறகு அவர் முன்னால் எடுத்ததே இல்லை. இரண்டு டிரக்குக்கும் ஊசி வைப்பது டாக்டர். காதால் மட்டுமே.

முன்பெல்லாம் எஞ்சின் பாடும். கொஞ்ச காலமாகப் பாடுவதில்லை. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் மழுப்புகிறது. டாக்டர் முறுக்குவார். அப்போதும் மழுப்பும். இன்னும் முறுக்குவார்.

எஞ்சின் மட்டுமா, உலகமே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது என்பது அவருடைய கட்சி. டிவியில் செய்தி வாசிப்பவர்களுக்கு வாய் திறக்கவே சோம்பல். போனில் யார் பேசினாலும் சிக்னல் சரியில்லை. மனைவி இருபது வருடம் கணீரென்று சண்டை போட்டவள், இப்போது வார்த்தையை வாய்க்குள்ளேயே முழுங்குகிறாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடக்கூட வருவதில்லை, வந்து தோளைத் தட்டிவிட்டுப் போகிறாள். வயசானால் பெண்களுக்கு இப்படி ஆகும் போலிருக்கிறது என்று அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

அன்று காலையில் தொழிற்சாலையிலும் அப்படித்தான். உலர்த்தும் பிரிவில் கூரையோரம் மாட்டியிருந்த பெரிய விசிறியைக் காட்டி சூப்பர்வைசர் ஏதோ சொன்னான். “சத்தம் ஒரு மாதிரி இருக்கு, பாருங்க டாக்டர்” என்று இரண்டாம் தடவை கேட்டபோது விளங்கியது. ஏணியில் ஏறி ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் கண்ணை மூடினார். அடங்கிய, சீரான ஓர் இரைச்சல். வேறொன்றும் இல்லை. கீழே பெட்டி மடிக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அவரையே அண்ணாந்து பார்த்தார்கள். “ஒண்ணுமில்ல, ஓடட்டும்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் சொன்ன பிறகு அப்பீல் கிடையாது.

எஞ்சினுக்கு வருவோம். பழுதைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலையில் ஒரு வழி உண்டு. சந்தேகப்படும் பாகத்தை எடுத்து இன்னொரு இயந்திரத்தில் மாட்டு. பழுது பாகத்தோடு கூடவே போனால் அதுதான் குற்றவாளி. பழுது இருந்த இடத்திலேயே நின்றால், இன்னும் மாற்றாத ஒன்றில்தான் அது ஒளிந்திருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் டாக்டர் இதைச் சொல்லியிருக்கிறார். சிவப்பு டிரக்குக்கும் இதைத்தான் செய்தார். பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரை மாற்றினார், பேரிங்குகளை மாற்றினார், எரிபொருள் குழாயைக்கூட மாற்றினார். எல்லாம் நீலத்திலிருந்து கழற்றியவை. மழுப்பல் போகவில்லை.

மீதி இருந்தது ஜோடி ஒன்றுதான். பிஸ்டனும் அது ஏறி இறங்கும் லைனரும் சேர்ந்ததற்குத்தான் ஜோடி என்று பெயர். இந்தச் சின்ன எஞ்சின்களில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. முதல் ஓட்டத்திலிருந்தே இரண்டும் ஒன்றையொன்று உரசி உரசித் தமக்குள் ஒரு பொருத்தம் செய்துகொள்ளும். அதனால் ஒன்றை மட்டும் எடுத்து வேறு எஞ்சினில் போட முடியாது. நல்ல ஜோடி என்றால், கையால் சுற்றும்போது பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் ஒரு பிடிப்பு தெரியும். டாக்டர் தன்னுடையதைச் சுற்றிப் பார்த்தார். பிடிப்பே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. நீலத்தின் ஜோடி இன்னும் கெட்டியாகப் பிடிக்கிறது என்பது அவர் விரலுக்குத் தெரியும். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே எரிபொருளைக் குடித்தவை, ஊசி வைத்த கையும் ஒன்றுதான். பிறகு எப்படி ஒன்று மட்டும் கிழடாகும்?

யோசிக்க யோசிக்க அவருக்கு ஒன்று நினைவு வந்தது. போன மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டபோது, “ரெண்டு எஞ்சினையும் நானே கழுவித் தர்றேன் அத்தான்” என்று மைத்துனன் எடுத்துக்கொண்டு போனான். கழுவத்தான் கொண்டுபோனானா?

சாயந்திரம் அவன் நீல டிரக்கோடு வந்தபோது டாக்டர் உட்காரச் சொல்லவில்லை.

“ஜோடியை மாத்திட்ட” என்றார்.

அவனுக்குப் புரியவில்லை. “எந்த ஜோடி அத்தான்?”

“காதுல பூ சுத்தாத. என்னுதைக் கழட்டி உன்னுதுல போட்டுக்கிட்ட. தேஞ்சதை என் தலையில கட்டிட்ட. காய்ச்சல்ல கிடந்தவன்தானே, கண்டுபிடிக்கவா போறான்னு.”

மைத்துனன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. வாசற்படியில் அக்கா வந்து நின்றிருந்தாள். அவளைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. டாக்டர் அதைக் கவனித்தார். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

“அக்காளும் தம்பியும் கூட்டா? சரி. உன் ஜோடியை என்னுதுல போடுறேன், என்னுதை உன்னுதுல போடுறேன். நாளைக்குத் திடல்ல எல்லாரும் பாக்கட்டும்.”

“வேணாம் அத்தான். உங்களுது உங்ககிட்ட இருக்கட்டும்.”

“பயமா?”

“ஆமா, பயம்தான்” என்றான் அவன். டாக்டர் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார். நீல டிரக்கைத் தன் பக்கம் இழுத்து, தலைப்பகுதியின் திருகுகளைக் குறுக்குக்குறுக்காகத் தளர்த்தி, லைனரைச் சூடுகாட்டி உருவி, பிஸ்டனைத் தண்டோடு வெளியே எடுத்தார். கையில் நடுக்கமில்லை. லைனரின் வெட்டு உள்ளே இருக்கும் முளையில் சரியாக உட்கார வேண்டும், ஒரு கீறல் விழக் கூடாது, தண்டு திரும்பிவிடக் கூடாது. ஒன்றும் பிசகவில்லை. மைத்துனன் எதிரில் உட்கார்ந்து, அவர் கேட்கும் முன்பே ஒவ்வொரு கருவியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். திருட்டுப் பட்டம் வாங்கியவன் ஸ்பானரை நீட்டுவதைப் பார்க்க அவன் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் திடலில் வழக்கமான ஆட்கள்தான் இருந்தார்கள். டாக்டர் போனதும் போகாததுமாக ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சமாசாரத்தைப் போட்டு உடைத்தார். ஜெராக்ஸ் நல்ல மனுஷர், வம்புக்கும் பிரியமானவர். டயர்களை அடுக்கிய வளைவுக்குப் பக்கத்தில் வந்து வசதியாக நின்றுகொண்டார்.

முதலில் நீலம். உள்ளே டாக்டரின் தேய்ந்த ஜோடி. கயிற்றை இழுத்து இழுத்து மைத்துனனுக்குத் தோள்பட்டை விட்டுப் போயிற்று, அப்புறம்தான் பிடித்தது. டாக்டர் குனிந்து கேட்டார், முறுக்கினார், கேட்டார், முறுக்கினார். ஊசித் தலையில் இருக்கும் கோடு செங்குத்தாக நின்றதும் விட்டார். “உன் வண்டி. எடுத்துக்க.”

பிறகு சிவப்பு. உள்ளே நல்ல ஜோடி. ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. டாக்டருக்கு மனம் குளிர்ந்தது. இன்றைக்குப் பாடும். விசையைக் கொடுத்துவிட்டுக் காதைத் தாழ்த்தினார்.

மழுப்பியது.

நம்ப முடியவில்லை. முறுக்கினார். டிரக்கை ஒரு சுற்று ஓட்டிக் கொண்டுவந்து, மறுபடி முறுக்கினார். வாயில் அதே தண்ணீர், அதே குழறல். ஓடு என்று முழு விசையையும் கொடுத்தார். சிவப்பு டிரக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திடலின் மறுகோடிக்குப் பாய்ந்து திரும்பியது. வெள்ளைப் புகை அறவே நின்றுவிட்டது. நிமிர்ந்தபோது ஜெராக்ஸ் இரண்டு காதிலும் விரலைச் செருகிக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆட்களும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் கையை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினான், வாய் அசைவது தெரிந்தது. எதற்கு இந்தக் கூத்து என்று டாக்டருக்கு எரிச்சலாக வந்தது.

சட்டென்று சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. டிரக் இரண்டு முறை உருண்டு மல்லாக்கக் கிடந்தது.

ஓடிப்போய்த் தொட்டவருக்கு விரல் பொசுங்கியது. ஆறவிட்டு, அங்கேயே மண்டியிட்டு எஞ்சினின் தலையைத் திறந்தார். பிஸ்டன் லைனரோடு வெந்து ஒட்டிப்போயிருந்தது. கீழே தண்டு இரண்டாக முறிந்திருந்தது. நேற்று சாயந்திரம் நீலத்திலிருந்து கழற்றும் வரை கெட்டியாக இருந்த ஜோடி. அவருக்குப் பின்னால், அவருடைய தேய்ந்த ஜோடியை வைத்துக்கொண்டு, நீல டிரக் இருமி இருமி வெள்ளைப் புகை விட்டபடி இன்னும் நின்று ஓடிக்கொண்டிருந்தது.

பழுது ஜோடியோடு கூடப் போகவில்லை. இருந்த இடத்திலேயே நிற்கிறது. அப்படியானால் மாற்றாத ஒன்றில். டாக்டர் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிளக், கார்புரேட்டர், பேரிங், குழாய், இப்போது ஜோடி. எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. இனி மாற்ற அந்த வண்டியில் ஒன்றுமே இல்லை.

எழுந்து போய் நீல டிரக்கின் முன்னால் குனிந்தார். ஊசித் தலையைப் பார்த்தார். செங்குத்தாக விட்ட கோடு படுத்துக் கிடந்தது.

“இதைத் திருப்பினியா?”

மைத்துனன் எஞ்சினை அணைத்தான். தரையைப் பார்த்தான்.

“நான் வைச்சதுக்கப்புறம் நீ திருப்பினியா? சொல்லு.”

“திருப்பினேன் அத்தான்.” அவன் இப்போது டாக்டரின் முகத்துக்கு நேராக வந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினான். வீட்டில் அவளும் கொஞ்ச நாளாக இப்படித்தான் பேசுகிறாள் என்பது அப்போதுதான் டாக்டருக்கு உறைத்தது. “எப்பவும் திருப்புவேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் திருப்பிடுவேன். உங்க வண்டியையும் சமயம் கிடைச்சா திருப்புவேன். ஆனா நீங்க அதைக் கையை விட்டு இறக்குறதே இல்லையே.”

“எத்தனை நாளா?”

“போன வருஷத்துலேர்ந்து. முன்னெல்லாம் நான் உங்களுக்கு முடி வெட்டும்போது, கத்தரி சத்தத்தை வைச்சே சாணை பிடிக்கணும்னு சொல்லுவீங்க. ஒருநாள் சும்மா இருந்தீங்க. மறுதடவை வேணும்னே மொண்ணைக் கத்தரியை எடுத்து உங்க காதுகிட்டயே வெட்டினேன். அப்பவும் ஒண்ணும் சொல்லலை.”

“உங்க அக்காவுக்கு?”

“எனக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியும். காதை ஆஸ்பத்திரியில காட்டணும்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் ரெண்டு பேருக்கும் தெரியலை. நேத்து வேணாம்னதும் இது எல்லார் முன்னாலயும் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான். எஞ்சின் போறதுக்காக இல்ல.”

டாக்டர் அடுக்கியிருந்த டயர் மேல் உட்கார்ந்தார். அவமானம் முதலில் வந்தது. திருடன் என்று சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பின்னால் அதைவிடப் பெரிய பயம் வந்தது. தனக்கு இனி என்ன மிச்சம் என்று தேடிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், புழுதித் திடலில், வெந்துபோன ஒரு எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு, உலகத்துக்குத்தான் வாய் கெட்டுப்போயிற்று என்று நம்பிக்கொண்டிருந்த முட்டாள். மைத்துனன் தனக்குப் பின்னாலேயே வந்து வந்து ஊசியைத் திருப்பிவைத்திருக்கிறான். அதைக்கூடச் சத்தமில்லாமல். சத்தம் வந்திருந்தாலும் கேட்டிருக்காது.

அந்த நினைப்போடுதான் உலர்த்தும் பிரிவு விசிறி நினைவுக்கு வந்தது. தொழிற்சாலையில் தனக்குப் பின்னால் வந்து திருப்பிவைக்க யார் இருக்கிறார்கள்?

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பொசுங்கிய விரலோடு சூப்பர்வைசரின் எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் யாரோ எடுத்தது தெரிந்தது. பேசியது என்னவென்று தெரியவில்லை. கொழகொழவென்று ஏதோ ஓசை. சிக்னல் சரியில்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். மூடிக்கொண்டு, போனை மைத்துனனிடம் நீட்டினார்.

“உலர்த்துற பிரிவுல பெரிய ஃபேனை உடனே நிறுத்தச் சொல்லு. டாக்டர் சொன்னாருன்னு சொல்லு. அவன் என்ன சொல்றான்னு நீ கேளு.”

மைத்துனன் சொன்னான். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபடி டாக்டர் காத்திருந்தார். அவன் போனைக் காதிலிருந்து இறக்கி, எங்கோ பார்த்துக்கொண்டு, மெதுவாக ஏதோ சொன்னான்.

“கேக்கலை. சத்தமா சொல்லு” என்றார் டாக்டர்.

“நிறுத்திட்டாங்க.”

“வேற?”

“போதும் அத்தான். வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்.”

“சொல்லுடா.”

வேறு வழியில்லாமல் அவன் கத்தினான். திடலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெராக்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

“நேத்துலேர்ந்தே அது கதறிக்கிட்டு இருந்துச்சாம் அத்தான். கீழ வேலை செய்யுற பொம்பளைங்க காதுல பஞ்சை வைச்சுக்கிட்டு மடிக்கிறாங்களாம். எல்லாருக்கும் கேட்டுச்சாம். நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னதால யாரும் நிறுத்தலையாம்.”

இது மட்டும் டாக்டருக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.